பட்டதா, தொட்டதா?

“படம் பொய் சொல்லாது. பந்து கையில் பட்டது நன்றாகத் தெரிகிறதே, அப்புறம் என்ன பேச்சு?”

2018 ஜூலை 15 இரவு, உலகக் கோப்பை இறுதி ஆட்டம் முடிந்து அரை மணி நேரத்துக்குள் இந்தப் பேச்சை நாலைந்து பேரிடம் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த பெரிய கோப்பைகளிலும், பந்து யார் கையிலாவது பட்ட மறுநாள், இதே பேச்சு திரும்பி வந்திருக்கிறது. அணி மாறுகிறது, பேசுகிறவர்கள் கட்சி மாறுகிறார்கள், பேச்சு மட்டும் மாறுவதில்லை. வீடியோ நடுவர் முறை வந்துவிட்டது, இனி ஹேண்ட்பால் என்பது கண்ணால் பார்த்துத் தீர்த்துவிடக்கூடிய சங்கதி. இன்னமும் தகராறு நடக்கிறதென்றால் கேமரா போதவில்லை, அல்லது விதியைப் போதுமான அளவு கறாராக எழுதவில்லை. இரண்டையும் சரிசெய்தால் சண்டை ஓய்ந்துவிடும். கால்பந்து பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இன்று நம்புவது இதைத்தான்.

இந்த நம்பிக்கை தவறு என்பது என் கட்சி. கேமராவைக் கூட்டினாலும் இந்தச் சண்டை தீராது, விதியை இறுக்கினாலும் தீராது. இறுக்க இறுக்க ஆட்டம்தான் கெடுகிறது. கடந்த சில ஆண்டுகளில் கண்ணெதிரே கெட்டும் இருக்கிறது.

மாஸ்கோவின் லுஷ்னிகி மைதானத்தில் அன்று நடந்ததை முதலில் ஒழுங்காகப் பார்த்துவிடுவோம். பிரான்சின் முதல் கோல், குரோவேஷியாவின் மான்சூகிச் தலையில் பட்டு அவர் அணியின் வலைக்குள்ளேயே போனது. 28ஆவது நிமிடத்தில் இவான் பெரிசிச் இடது காலால் அடித்துச் சமன் செய்தார். ஆறு நிமிடம் கழித்து அதே பெரிசிச் தன் கோல் முன்னால் நிற்கிறார். பிரான்சின் கிரீஸ்மன் கார்னர் அடிக்கிறார். பந்து முன்கம்பத்தை நோக்கி வளைந்து வருகிறது. பெரிசிச்சுக்கு நேர் முன்னால் பிரான்சின் மட்டுயிடி எம்புகிறார். பந்து அவர் தலையைத் தாண்டி இறங்கி, பின்னால் இருந்த பெரிசிச்சின் கையில் பட்டு, கோட்டுக்கு வெளியே போகிறது.

நடுவர் அர்ஜென்டினாவின் நெஸ்டர் பிட்டானா. அவர் பெனால்டி கொடுக்கவில்லை. பிரெஞ்சு வீரர்கள் கையைக் காட்டிக் காட்டிக் கத்தினார்கள். வீடியோ அறையில் இருந்த இத்தாலியின் மாசிமிலியானோ இராட்டி காதுக்கருவி வழியே கூப்பிட்டார். பிட்டானா ஓரத்துத் திரைக்கு ஓடினார். பார்த்தார். முடித்துக்கொண்டு களத்துக்குத் திரும்புவதுபோல நகர்ந்தார். நகர்ந்தவர் மறுபடி திரைக்கே வந்து இன்னொரு முறை பார்த்தார். அதற்குப் பிறகுதான் பெனால்டி. 38ஆவது நிமிடத்தில் கிரீஸ்மன் அதைக் கோலாக்கினார். 2-1.

அந்த இரண்டாவது பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. களத்து நடுவர் தெளிவாக, வெளிப்படையாகத் தவறு செய்திருந்தால் மட்டுமே வீடியோ நடுவர் குறுக்கிடலாம் என்பது இந்த முறையின் அஸ்திவாரம். அத்தனை வெளிப்படையான தவறு என்றால் திரும்பி வந்து பார்க்க என்ன இருந்தது? பிட்டானா மீது எனக்குக் கோபம் இல்லை. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, ஐயம் வந்ததும் கூச்சப்படாமல் திரும்பி வந்து பார்த்தார். நேர்மையான மனிதர் செய்கிற காரியம் அது. ஆனால் அந்த ஐயமே தீர்ப்பு. அவர் மனம் ‘தெரியவில்லை’ என்று சொன்ன கணத்தில் முதலில் எடுத்த முடிவு நிலைத்திருக்க வேண்டும். நிலைக்கவில்லை, காரணம், திரையில் ஒன்று மட்டும் ஐயமில்லாமல் தெரிந்தது: பந்து கையில் பட்டது.

அன்று நடப்பில் இருந்த விதி என்ன சொன்னது? வேண்டுமென்றே கையால் பந்தைத் தொட்டால்தான் குற்றம். கை பந்தை நோக்கிப் போனதா, பந்து கையை நோக்கி வந்ததா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, எதிர்பாராமல் வந்ததா என்று பார்க்க வேண்டும். கை எங்கே இருந்தது என்பது மட்டுமே குற்றமாகிவிடாது. இந்த மூன்றில் எதைத் திரை தீர்த்துவைக்கும்? தூரத்தை ஓரளவு காட்டும். மற்றவை ஒரு மனிதன் என்ன நினைத்தான், எதை எதிர்பார்த்தான் என்கிற கேள்விகள்.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. பந்து கையில் பட்டது என்கிறோம்; கை பந்தைத் தொட்டது என்கிறோம். முதலாவதில் செய்தவர் யாரும் இல்லை. வெயில் படுகிறது, தூசி படுகிறது, யார் எறிந்த கல்லோ வந்து படுகிறது. இரண்டாவதில் ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. திரை காட்டுவது பட்டதை. விதி கேட்டது தொட்டதை. ‘படம் பொய் சொல்லாது’ என்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுப் பேசுகிறார்கள். படம் பொய் சொல்லவில்லை, உண்மைதான். நாம் கேட்ட கேள்விக்கு அது பதிலும் சொல்லவில்லை.

சிறு வயதில் எங்கள் ஊர் மைதானத்தில் நான் டிஃபென்ஸில் ஆடியவன். மழை பெய்த மறுநாள் பந்து ஊறிக் கனத்திருக்கும். ஒரு கஜ தூரத்தில் ஒருவன் ஓங்கி அடித்த பந்து முன்கையில் வந்து விழுந்தால், முதலில் தெரிவது எரிச்சல்தான். அதற்கு அப்புறம்தான் கை அங்கே இருந்தது என்பதே நினைவுக்கு வரும். எதிர்க்கட்சிப் பையன்கள் எல்லாரும் ஒரே குரலில் ‘ஹேண்ட்ஸ்’ என்று கத்துவார்கள். விசில் வைத்திருந்த அண்ணன் ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டம் நடத்துபவர், கையை வீசி, “பந்துதான்டா வந்து பட்டுச்சு, ஆடுங்கடா” என்பார். எப்போதும் சரியாகச் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பார்த்தது கையை மட்டும் இல்லை. என் முகத்தையும் பார்த்தார். வேண்டுமென்று கையை நீட்டியவன் முகம் எப்படி இருக்கும், அடி வாங்கியவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும், அது வலுவானதும்கூட. பெரிசிச்சின் கை சும்மா தொங்கவில்லை, பந்து வந்த பக்கம் நகர்ந்தது, படத்தைப் பாருங்கள் என்பார்கள். பார்த்தேன், பல முறை பார்த்தேன். மெதுவாக ஓடும் படத்தில் அந்தக் கை பந்தைத் தேடிப் போவதுபோலத்தான் இருக்கிறது. சாதாரண வேகத்தில் பார்த்தால் குதித்து இறங்கும் ஓர் ஆளின் கை கீழே வருகிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார்னரிலிருந்து வரும் பந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 20 மீட்டர். மறைத்துக்கொண்டிருந்த ஆளின் தலையைத் தாண்டி ஒரு மீட்டர் கடக்க, நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். ஒரு விளக்கு எரிவதைக் கண்டு பொத்தானை அமுக்கும் அளவுக்கான எளிய செயலுக்கே மனிதருக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டியிருக்கிறது. பந்து நான்கு மீட்டர் கடக்கும் நேரம் அது. வேகத்தைப் பாதியாக்கினாலும் கணக்கு பெரிசிச்சுக்குச் சாதகமாகத்தான் நிற்கும். பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, கையை நீட்ட அவருக்கு நேரமே இருந்திருக்காது. மெதுவாக ஓடும் படம் அந்த நேரத்தைத் தன் கையிலிருந்து எடுத்து அவருக்குக் கொடுக்கிறது. கொடுத்துவிட்டு, இவ்வளவு நேரம் இருந்தும் ஏன் கையை விலக்கவில்லை என்று கேட்கிறது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு கொலைக் காட்சியின் பதிவைச் சிலருக்குச் சாதாரண வேகத்திலும், சிலருக்கு மெதுவாகவும் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள்தான், கொன்றவர் திட்டமிட்டுச் செய்தார் என்று அதிகம் நம்பினார்கள். உண்மையில் எத்தனை நொடி ஆனது என்று திரையிலேயே கடிகாரம் காட்டியும் அந்த எண்ணம் முழுதாக அகலவில்லை. அமெரிக்கக் கால்பந்தில் தலையால் மோதும் காட்சியை வைத்துப் பார்த்தபோதும் முடிவு இதே பக்கம்தான் சாய்ந்தது. நீதிமன்றத்தில் உயிர் போகிற வழக்கிலேயே இப்படி என்றால், கையைக் காட்டிக் கத்தும் பதினோரு பேருக்கு நடுவில் நிற்கிற ஒரு நடுவரைப் பற்றி என்ன சொல்ல?

இதில் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது வேறொன்று. விதி எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். வீடியோ நடுவர் முறைக்கான அவர்களுடைய நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறார்கள்: பந்து எங்கே பட்டது, கோட்டைத் தாண்டியதா என்பது போன்றவற்றுக்கு மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம், அது ஹேண்ட்பால் குற்றமா இல்லையா என்று முடிவு செய்யச் சாதாரண வேகத்தில்தான் பார்க்க வேண்டும். இவ்வளவு தெளிவாக எழுதிவைத்திருந்தும், தொலைக்காட்சி அதே காட்சியை மெதுவாக, இன்னும் மெதுவாக, கடைசியில் நிறுத்திவைத்துக் காட்டுகிறது. கோடிப் பேர் மனதில் தீர்ப்பு எழுதப்பட்ட பிறகுதான் நடுவர் திரையிடம் போய்ச் சேருகிறார்.

சரி, எண்ணத்தை அறிய முடியாது என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்படியானால் எண்ணத்தை விட்டுவிட்டு உடம்பை மட்டும் பார்த்து விதி எழுதினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதைச் செய்தும் பார்த்தாகிவிட்டது. 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய விதி, கை உடலை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கினால் குற்றம் என்றது. தோளுக்கு மேல் கை போனாலே பெரும்பாலும் குற்றம் என்றது. தாக்கும் அணிக்காரர் கையில் தெரியாமல் பட்டுக் கோல் விழுந்தாலும், வாய்ப்பு பிறந்தாலும், கோல் செல்லாது என்றது. அடுத்த ஆண்டு, கை எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று அக்குளின் அடிக்கோட்டை வைத்து வரையறுத்தார்கள். சட்டைக் கையின் நீளத்தை வைத்து விவாதம் நடந்தது.

இயல்புக்கு மாறாக என்றால் எது இயல்பு? இதைப் படிக்கிறவர் ஒரு நிமிடம் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு எம்பிக் குதித்துப் பாருங்கள். கையை வீசிக் குதிக்கும் அளவுக்கு எழும்ப மாட்டீர்கள். ஓடுகிறவன் கை ஆடும், திரும்புகிறவன் கை விரியும், வழுக்குகிறவன் கை தரையைத் தேடும். கால்பந்து காலால் ஆடுகிற ஆட்டம் என்றாலும், காலை நிலையாக வைத்திருப்பது கைதான். இந்த விதி வந்த பிறகு பெனால்டி எல்லைக்குள் நிற்கிற டிஃபெண்டர்களைக் கவனித்திருப்பீர்கள். கிராஸ் வரப்போகிறது என்றதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். வாத்தியார் முன்னால் நிற்கும் பையனைப் போல. எதிராளி உடம்பை ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கம் போனால் இவரால் திரும்ப முடிவதில்லை. கை இல்லாமல் மனிதன் திரும்புவதில்லை. உலகத்தின் மிகச் சிறந்த விளையாட்டு வீரர்களைக் கைகட்டி நிற்கவைத்திருக்கிற விதி இது.

தெரியாமல் கையில் பட்டாலும் கோல் செல்லாது என்ற அந்த விதிக்கு நேர்ந்த கதியும் தெரிந்திருக்க வேண்டியது. 2021 மார்ச் 4, லண்டனில் ஃபுல்ஹாம், டாட்டன்ஹாமுடன் ஆடியது. டாட்டன்ஹாமின் டாவின்சன் சான்செஸ் பக்கத்தில் நின்றுகொண்டு வெளியே அடித்த பந்து, ஃபுல்ஹாமின் லெமினா தொங்கவிட்டிருந்த கையில் மோதி, மாஜாவிடம் போனது. மாஜா கோல் அடித்தார். செல்லாது என்றார்கள். விதிப்படி சரியான தீர்ப்பு. மைதானத்தில் இருந்த ஒருவருக்கும் அதில் நியாயம் தெரிந்திருக்காது. மறுநாளே விதிக்குழு கூடி, கூட்டாளியின் கையில் தற்செயலாகப் பட்டால் குற்றமில்லை என்று திருத்தியது. ஃபுல்ஹாம் அந்த ஆட்டத்தில் தோற்றது 0-1.

இரண்டு ஆண்டுகளுக்குள் விதி இப்படிக் கறாராகி, நெகிழ்ந்து, வரைபடம் போட்டு, அழித்து எழுதப்பட்டது. கறார்தான் மருந்து என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

களத்திலும் கதை இதுதான். 2019 ஜூன் 1, மாட்ரிட். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், லிவர்பூல் – டாட்டன்ஹாம். ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. டாட்டன்ஹாமின் மூசா சிசோகோ, பெனால்டி எல்லைக்குள் ஒரு கையை நீட்டித் தன் கூட்டாளிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருக்கிறார். லிவர்பூலின் சாடியோ மானே அடித்த பந்து அவர் நெஞ்சுப் பக்கம் பட்டு, நீட்டிய கையில் பட்டது. நடுவர் ஸ்லோவேனியாவின் டாமிர் ஸ்கொமினா பெனால்டியைக் காட்டினார். வீடியோ அறை ஆமோதித்தது. இரண்டாவது நிமிடத்தில் சலா கோல். ஓராண்டு முழுக்க உழைத்து வந்த ஓர் அணியின் இறுதி ஆட்டம், இன்னும் இருக்கை தேடிக்கொண்டிருந்த பார்வையாளர்களுக்கு முன்னால் கோணிப்போனது. அந்தக் கை அங்கே இருந்ததற்குக் காரணம் பந்து இல்லை. அதை எல்லாரும் பார்த்தார்கள். இருந்தும் மறுநாள் பேச்சு, கை விரிந்திருந்ததே என்பதுதான்.

அதே ஸ்கொமினா அதே ஆண்டு மார்ச் 6 அன்று பாரிஸில் களத்தில் இருந்தார். பாரிஸ் அணியின் கிம்பெம்பே முதுகைத் திருப்பிக் குதிக்கையில், மான்செஸ்டர் யுனைடெட்டின் டாலோ அடித்த பந்து கையில் பட்டது. முதலில் கார்னர், பிறகு திரை, பிறகு பெனால்டி. ராஷ்ஃபோர்ட் அடித்தார், பாரிஸ் போட்டியிலிருந்தே வெளியேறியது. பந்தைப் பார்க்கவே செய்யாத ஒருவர் பந்தைக் கையாண்டார் என்று தீர்ப்பு.

கேமராவை விடக் கூர்மையான கருவி வந்தால் தீரும் என்று இன்னமும் நம்புகிறவர்கள், 2024 ஐரோப்பியக் கோப்பையை நினைத்துப் பார்க்கட்டும். பந்துக்குள்ளேயே உணர்வி வைத்தார்கள். நொடிக்கு 500 முறை அது கணக்கெடுக்கும். ஜூன் 29 அன்று டார்ட்முண்டில் ஜெர்மனியின் ராவும், மிக அருகில் நின்ற டென்மார்க்கின் ஆண்டர்சனைத் தாண்டிக் கிராஸ் அடித்தார். அவர் விரல்நுனியில் பந்து உரசியதா என்று கண்ணுக்குத் தெரியாது. திரையில் இதயத்துடிப்புக் கோடு மாதிரி ஒரு வரைபடம் ஓடியது. ஓரிடத்தில் ஊசிபோல எழும்பியது. பட்டது உறுதி. நடுவர் மைக்கேல் ஆலிவர் பெனால்டி கொடுத்தார், ஹாவர்ட்ஸ் கோல் அடித்தார், டென்மார்க் 0-2 என்று தோற்று வீட்டுக்குப் போனது. அந்த ஊசிக்கோடு அளவுக்குத் துல்லியமாக ஹேண்ட்பாலை இதுவரை எவரும் காட்டியதில்லை. அந்தப் பந்தின் போக்கு மாறியதா? இல்லை. ஆண்டர்சன் ஏதாவது செய்தாரா? ஓடினார்.

ஆறு நாள் கழித்து, ஜூலை 5, ஸ்டுட்கார்ட். இப்போது ஜெர்மனி – ஸ்பெயின், கூடுதல் நேரம், 1-1. ஜெர்மனியின் முசியாலா கோலை நோக்கி அடித்த பந்து, ஸ்பெயினின் குக்குரேயா கையில் மோதியது. வரைபடம் தேவையே இல்லை, மைதானத்தின் கடைசி வரிசைக்கும் தெரிந்தது. நடுவர் ஆண்டனி டெய்லர், கை உடலோடு தொங்கிக்கொண்டிருந்தது என்று ஆடச் சொன்னார். 119ஆவது நிமிடத்தில் மெரினோ தலையால் முட்ட, ஜெர்மனி வெளியே. சில மாதம் கழித்து, அது பெனால்டிதான் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பின் நடுவர் குழுவே கருதுவதாகச் செய்தி வந்தது. ஒரே போட்டி, ஒரே விதிப்புத்தகம், ஒரே பந்து, எத்தனையோ கேமரா. உரசியதற்கு ஒரு கோல், மோதியதற்கு ஒன்றுமில்லை, பிறகு அதுவும் தவறு என்று ஒரு பின்யோசனை. கருவி தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. தகராறு கருவிக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

எனக்குக் குக்குரேயா விஷயத்தில் டெய்லர் சொன்னதே சரி. ஜெர்மனி ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், அவர்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. கோலுக்குப் போகிற பந்தை ஒரு கை தடுத்தது, தடுத்த அணி வென்றது. அந்த எரிச்சலுக்குப் பரிகாரம் வேண்டும்தான். அது என்ன என்பதற்குக் கீழே வருகிறேன்.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1986 ஜூன் 22, மெக்சிகோவின் அஸ்டெக்கா மைதானத்தில் மரடோனா பந்தைக் கையால் தட்டிக் கோலாக்கியதைத் துனீசியாவின் அலி பின் நாசர் பார்க்கவில்லை. 2009 நவம்பர் 18, பாரிஸ் புறநகரில் பிரான்சின் தியரி ஆன்ரி பந்தைக் கையால் நிறுத்தி கலாஸுக்குக் கொடுக்க, அயர்லாந்து உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. அந்த விவகாரம் வழக்காகாமல் இருக்க ஃபிஃபா அயர்லாந்து சங்கத்துக்கு 50 லட்சம் யூரோ கொடுத்த செய்தி 2015இல் வெளியே வந்தது. இரண்டும் தொட்டவை. ஒரு முறை, சாதாரண வேகத்தில் பார்த்தால் போதும், குழந்தைகூடச் சொல்லிவிடும். வீடியோ நடுவர் முறை பிறந்ததே இப்படிப்பட்ட அநியாயத்தைத் தடுக்க. நடுவர் கண்ணுக்குத் தப்பியதைக் காட்டுவதற்கு வந்த கருவி, நடுவர் கண்டும் குற்றமில்லை என்று விட்டதைத் தோண்டி எடுக்கிற கருவியாக மாறிவிட்டது. என் வழக்கு இந்த மாற்றத்தின் மேல்தான்.

2010இல் ஜோகன்னஸ்பர்க்கில் உருகுவேயின் சுவாரஸ் கோல்கோட்டில் நின்று கானாவின் பந்தைக் கையால் தள்ளினார். நடுவர் உடனே பார்த்தார், சிவப்பு அட்டை, பெனால்டி. கியான் அடித்தது குறுக்குக்கம்பத்தில் மோதிப் போனது. கானாவுக்காக இன்றும் மனம் கனக்கிறது, ஆனால் அது ஹேண்ட்பாலா என்று ஒருவரும் வாதாடியதில்லை. 2022 கத்தார் இறுதி ஆட்டத்தில் 116ஆவது நிமிடம், எம்பாப்பே அடித்த பந்தை மொன்டியேலின் விரிந்த முழங்கை தடுத்தபோதும் பெரிய வாக்குவாதம் எழவில்லை. தொட்டதையும் தடுத்ததையும் பார்க்கிறவர்கள் தாமாகவே உணர்ந்துகொள்கிறார்கள். உணராத இடத்தில்தான் அளவுகோலை நீட்டுகிறோம்.

சிலர் ஹாக்கியைக் காட்டுவார்கள். அங்கே பந்து காலில் பட்டால் பெரும்பாலும் தவறு என்று விசில் ஊதிவிடுகிறார்கள், மனதை ஆராய்வதில்லை, சண்டையும் குறைவு. கால்பந்திலும் கையில் பட்டாலே குற்றம் என்று வைத்துவிட்டால் என்ன? இந்த வாதத்தில் பாதி சரி. மறந்துவிடுகிற மறுபாதி தண்டனை. ஹாக்கியில் வட்டத்துக்குள் தெரியாமல் காலில் பட்டால் கிடைப்பது பெனால்டி கார்னர். கோல்கீப்பரோடு இன்னும் நான்கு பேர் தடுக்க ஓடி வருவார்கள். பாதிக்கும் மேல் கோலாகாமல் போகும். நேருக்கு நேர் அடிக்கிற ஸ்ட்ரோக், வேண்டுமென்று செய்த தவறுக்கும் நிச்சயமான கோலைத் தடுத்ததற்கும். அதாவது பட்டதற்கு ஒன்று, தொட்டதற்கு ஒன்று. கால்பந்தில் இரண்டுக்கும் ஒரே கழுமரம்.

அதன் எடையைப் பாருங்கள். 2018 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் 169 கோல்கள். ஓர் ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. அந்தப் போட்டியில் கொடுக்கப்பட்ட பெனால்டிகள் 29, அதுவரை எந்த உலகக் கோப்பையிலும் இல்லாத எண்ணிக்கை. அதில் 22 கோலாயின. நான்கில் மூன்று. தொண்ணூறு நிமிடம் இருபத்திரண்டு பேர் ஓடி உழைத்து இரண்டோ மூன்றோ கோல் பிறக்கிற ஆட்டத்தில், தெரியாமல் கையில் உரசியதற்கு முக்கால் கோலைத் தூக்கிக் கொடுக்கிறோம். பெனால்டி என்ற தண்டனை 1891இல் வந்தபோது, அயர்லாந்தின் கோல்கீப்பர் வில்லியம் மெக்ரம் முன்மொழிந்து பிறந்தபோது, வேண்டுமென்றே இடறிவிடுகிறவனுக்கும் வேண்டுமென்றே பந்தைக் கையாள்கிறவனுக்கும் என்றுதான் எழுதப்பட்டது. கொலைக்கு வைத்த தண்டனையைக் கால் இடறி விழுந்தவனுக்குக் கொடுத்துவிட்டு, விழுந்தது படத்தில் தெரிகிறதே என்கிறோம்.

மாஸ்கோவுக்குத் திரும்பினால் இன்னொரு சமாதானம் காத்திருக்கிறது: ஆட்டம் 4-2 என்று முடிந்தது, பிரான்ஸ்தான் நல்ல அணி, அந்தப் பெனால்டி இல்லாவிட்டாலும் வென்றிருப்பார்கள். வென்றிருக்கலாம். பிரான்ஸ் நல்ல அணி என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் 34ஆவது நிமிடத்தில் ஆட்டம் 1-1, பந்தை அதிகம் வைத்திருந்தது குரோவேஷியா. டென்மார்க், ரஷ்யா, இங்கிலாந்து என்று மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து கூடுதல் நேரம் வரை ஆடி வந்த கால்கள் அவை. பிரான்சைவிட முழுசாக ஓர் ஆட்டம் அதிகம் ஓடியிருந்தார்கள். சமநிலையில் நிற்கிற களைத்த அணி காத்து ஆடலாம். பின்தங்கிய களைத்த அணி ஏறி ஓடியாக வேண்டும். ஏறினார்கள். பின்னால் திறந்த வெளியில்தான் 59ஆவது நிமிடத்தில் போக்பாவும் 65ஆவது நிமிடத்தில் எம்பாப்பேயும் கோல் அடித்தார்கள். கடைசி எண்ணிக்கையை வைத்து முதல் அநியாயத்தைக் கழுவ முடியாது. கடைசி எண்ணிக்கை அதிலிருந்துதான் வளர்ந்தது.

நான் கேட்பது மூன்றே. ஹேண்ட்பால் விதியை எண்ணத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்; தொட்டவருக்கும், கையை விரித்துக் கோல் வழியை அடைத்தவருக்கும் மட்டும் பெனால்டி. தெரியாமல் பட்டு அதனால் எதிரணிக்கு இழப்பு வந்தால், எல்லைக்குள்ளேயே மறைமுக ஃப்ரீ கிக் கொடுக்கட்டும். அது விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குக்குரேயாவுக்கு அதுதான் பொருந்தும். ஜெர்மனிக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும், ஸ்பெயினின் தலையும் போயிருக்காது. ஓரத்துத் திரையில் நடுவருக்குச் சாதாரண வேகத்தில் ஒரே முறை காட்டட்டும். இன்னொரு முறை பார்க்கத் தோன்றினால், அவர் களத்தில் முதலில் சொன்னதே முடிவு.

இப்படி வைத்தாலும் தகராறு இருக்கும். பெரிசிச்சின் எண்ணம் என்ன என்று நானும் நீங்களும் விடிய விடியப் பேசலாம், பேசியும் இருக்கிறோம். அந்தப் பேச்சு ஒரு மனிதனைப் பற்றிய பேச்சாக இருக்கும். அக்குளின் அடிக்கோட்டைப் பற்றியதாக இருக்காது.

விதி எழுதும் அந்தக் குழு 1886இலிருந்து இருக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆளுக்கு ஒரு வாக்கு, ஃபிஃபாவுக்கு நான்கு. எட்டில் ஆறு சேர்ந்தால் விதி மாறும். ஃபுல்ஹாம் தோற்ற மறுநாள் மாற்ற முடிந்தவர்களுக்கு, இதையும் மாற்ற முடியும்.